மேல்மாடிக்குப் பதினாலு படி

ஜனவரி 9

அன்புத் தங்கை கொசுவுக்கு,

உன் அண்ணன் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன். பல் மட்டும் ஏழு போய்விட்டது.

கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைக்காதே. நானேதான். எழுபது வயதில் எழுதக் கற்றுக்கொண்டுவிட்டேன். அறுப்புக்கூடத் தொழிலாளர் மண்டபத்தில் ஒரு டீச்சரம்மா சாயங்காலம் சொல்லித் தருகிறார். "அய்யா, பேனாவைக் கத்தி மாதிரி அமுக்காதீங்க, அது எங்கயும் ஓடிடாது" என்பார். இந்தக் கடிதத்துக்கு ஐந்து நாள் ஆயிற்று. ஒரு வரி முடிந்ததும் எழுந்து நின்று தூரத்திலிருந்து பார்க்கிறேன். அழகாகத்தான் இருக்கிறது.

பத்தொன்பது வருஷம் முன்பு நான் உன் வீட்டுக்கு வந்தபோது, மாப்பிள்ளை உன்னைத் தரையில் போட்டு உதைத்துக்கொண்டிருந்தார். வெட்டுக்கத்தியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் அவர் வலது முட்டியில் அடித்தேன். எலும்பு தப்பியது. உள்ளே குருத்தெலும்பு பெயர்ந்துவிட்டது. நீ எழுந்து வாயில் ரத்தத்தோடு, "போ! இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதே!" என்று கத்தினாய். போய்விட்டேன்.

உன் புருஷனை நொண்டியாக்கினது தப்பு என்று உனக்குச் சொல்ல வேண்டும். அதை வேறொருவரிடம் சொல்லி எழுத வைக்க வெட்கம். அதனால்தான் எழுத்துக் கற்றேன்.

இப்போது நான் ஒரு மூட்டு ஆஸ்பத்திரியின் ஆட்டுக்கொட்டகையில் வேலை பார்க்கிறேன். குடியிருப்பது நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தினமும் ஏறும்போது மாப்பிள்ளையை நினைத்துக்கொள்கிறேன். என் முட்டிகள் இரண்டும் நல்ல முட்டிகள்.

பதில் போடுவாயா?

உன் அண்ணன்


ஜனவரி 28

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் கடிதம் வந்தபோது அவர் யாருக்கோ பீரோ திறந்து கொடுக்கப் போயிருந்தார். எழுத்து முட்டை முட்டையாக இருக்கிறது. படிக்கச் சுலபம்.

கீழே அவருடைய பூட்டுக் கடை. கடைக்குப் பின்னால் அவர் கட்டில். முட்டி மடங்காததால் படி ஏற மாட்டார். அடுப்பு, படுக்கை, தையல் மிஷின், நான் எல்லாம் மேலே. நடுவில் பதினாலு படி. அவர் சாப்பாட்டைக் கூடையில் வைத்துக் கயிற்றில் இறக்குவேன். சாப்பிட்டதும் தட்டை மேலே எறிவார். ஒன்பதாவது படியைத் தாண்டி வராது. தட்டுகள் நசுங்கிவிட்டன, நான் நசுங்கவில்லை. கடையில் ஆள் இருக்கும்போது இறங்கி வெளியே போவேன். ஆள் இருக்கும்போதே திரும்பி ஏறிவிடுவேன்.

முட்டியை நினைத்து வருத்தப்படாதே. அது அப்படியே இருக்கட்டும்.

மாடி ஏறினதும் உடனே தண்ணீர் குடிக்காதே, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுக் குடி.

தங்கை


பிப்ரவரி 16

அன்புத் தங்கை கொசுவுக்கு,

நலமா? உன் கடிதத்தைப் பதினோரு தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேகம் கூடியது. பதினோராவது தடவை டீச்சரம்மா, "ரயிலே ஓட்டுறீங்களே" என்றார். நீ "அப்படியே இருக்கட்டும்" என்று பெருந்தன்மையாக எழுதியிருந்தாய். அப்படியே இருக்க விடுவேனா?

கேள். நேற்று ஒன்பதாம் நம்பர் ஆட்டை அறுத்தேன். ஆறு மாதம் முன்பு அதன் முட்டிக்குள் காசளவு குருத்தைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். அந்தக் குழியில் எலும்பில் பொடிப்பொடியாகத் துளை போட்டு, ரத்தம் கசியும்போது மேலே ஒரு பஞ்சை வைத்து ஒட்டிவிடுவார்கள். கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிற மாதிரிதான் இது. உள்ளேயிருந்து உயிரணுக்கள் ஏறி வந்து அதைப் பிடித்துக்கொண்டு புதுக் குருத்தைக் கட்டும். கட்டக் கட்ட பஞ்சு தானே கரைந்துவிடும். சாரத்தைப் பிரிக்க ஆள் வேண்டாம்.

எனக்கு நம்பிக்கை இல்லாமல்தான் இருந்தது. ஆட்டின் கழுத்தை நிமிர்த்தி ஒரே இழுப்பு. ரத்தம் பூட்ஸுக்குள் போகும்வரை காலால் அமுக்கி நின்றேன். உதறல் அடங்கியதும் தொடையில் கத்தி வைத்து, சவ்வை விலக்கி, முட்டியை முழுசாகத் திறந்தேன். கொசு, குழி இல்லை! வெள்ளையாக, வழவழவென்று, விரல் வைத்தால் வழுக்குகிறது. ஐம்பது வருஷம் முட்டி வெட்டியிருக்கிறேன், வெட்டினது திரும்ப வளர்ந்து பார்த்ததில்லை. ரத்தக் கையோடு டாக்டரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் வெள்ளைக் கோட்டு போனது போனதுதான்.

மனிதர்களுக்கும் ஆரம்பிக்கிறார்களாம். அறுபது வயதுக்குள், பழைய அடிபட்ட முட்டி. மாப்பிள்ளைக்கு ஐம்பத்தாறுதானே? பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். விண்ணப்பத்தை நானே நிரப்பினேன், இரண்டு பக்கம்!

நான் உடைத்ததை நானே ஒட்டி வைக்கப் போகிறேன். சந்தோஷமாக இரு.

உன் அண்ணன்


மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இரு.

பெயரை எடுத்துவிடு. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எடுத்துவிடு. அவருக்கு ஊசி என்றால் பயம். கடையைப் பார்க்க ஆள் இல்லை. அவ்வளவு தூரப் பயணம் ஒத்துக்கொள்ளாது.

எடுக்க முடியாது என்றால் இதற்கு மட்டும் பதில் எழுது. அறுவை செய்தால் எத்தனை மாதத்தில் படி ஏறுவார்? எத்தனை படி? மெதுவாகவா, வேகமாகவா?

எழுத்து கோணலாக இருக்கும். வலது கையில் இரண்டு விரலுக்குக் கட்டு. உன் கடிதத்தை வாங்கக் கீழே இறங்கினேன். கடையில் ஆள் இல்லை என்பதைக் கவனிக்கவில்லை. அவரே எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். கடிதம் இப்போது அவரிடம்.

தங்கை


மார்ச் 5

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

தங்கள் உடல் நலம் சிறக்க வேண்டுகிறேன். நானும் தங்கள் தங்கையும் சுகம்.

தங்கைக்கு நீங்கள் எழுதியது என் கையில் கிடைத்தது. தபால்காரர் கீழேதானே கொடுக்கிறார். படித்து மகிழ்ந்தேன். பழசையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவன் அல்ல.

இந்த ஊரில் என்னால் திறக்க முடியாத பூட்டு கிடையாது. அவள் அறைக் கதவில் எந்தப் பூட்டைப் போட்டாலும் நான் ஒரு தலைமுடி ஊசியால் திறப்பேன் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் கதவுவரை போக வேண்டுமே. என் வீட்டு மாடியை நான் பார்த்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. உங்கள் புண்ணியத்தில் பார்க்கப் போகிறேன்.

பெயரை எடுக்கச் சொல்லி அவள் எழுதுவாள். பெண்கள் கத்தி என்றால் பயப்படுவார்கள். நீங்கள் எடுக்க வேண்டாம். அடுத்த மாதம் முதல் வாரம் வந்து சேர்கிறேன்.

அன்பு மாப்பிள்ளை


ஏப்ரல் 20

அன்புத் தங்கை கொசுவுக்கு,

விரல் ஆறிவிட்டதா? கடிதம் பிடுங்குகிற விளையாட்டெல்லாம் இந்த வயதில் எதற்கு உங்கள் இருவருக்கும்? இதை மாப்பிள்ளை கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன், சண்டை வேண்டாம்.

எட்டாம் தேதி அறுவை முடிந்தது. நான்தான் கட்டில் பக்கத்திலேயே இருந்தேன். பஞ்சு அழகாக உட்கார்ந்திருக்கிறது என்றார் டாக்டர். மாப்பிள்ளை மயக்கம் தெளியும்போது என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நகம் இறங்கிவிட்டது. கண் திறக்காமலே உன்னைத்தான் கூப்பிட்டார். "வர்றேன்டி. மேல வர்றேன். எங்க போயிடுவே?" என்று மூன்று தடவை. நர்சம்மா, "பொண்டாட்டி மேல எவ்வளவு பாசம் பாருங்க" என்றார்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

நீ கேட்டதற்குப் பதில். ஆறு மாதம் படியே ஏறக் கூடாது. அதற்கப்புறம் எத்தனை வேண்டுமானாலும் ஏறலாம், ஓடலாம். நடுவில் அவசரப்பட்டால் போச்சு. எங்கள் இருபத்துமூன்றாம் நம்பர் ஆடு நாலாவது மாதம் ஒரு நாய் குரைத்ததும் வெறி பிடித்து வேலியைத் தாண்டியது. இறங்கினபோது அந்தக் கால் அப்படியே மடிந்துவிட்டது. அறுத்துப் பார்த்தேன். புதுக் குருத்து நாலாவது மாதத்தில் ஈரக் காகிதம் மாதிரிதான் இருக்கிறது, பஞ்சோ பாதி கரைந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து எலும்பிலிருந்து பிய்ந்து, சதைக்குள் சுருண்டு கிடந்தன. எலும்பு எலும்போடு உரசிக் குழி பழையதைவிடப் பெரிதாகிவிட்டது. "திரும்ப வைக்கலாமா?" என்று டாக்டரைக் கேட்டேன். "இனிமே இந்த முட்டிக்கு ஒண்ணும் நிக்காது" என்றார்.

மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன். "பத்தொன்பது வருஷம் பொறுத்தவன் ஆறு மாசம் பொறுக்க மாட்டேனா மச்சான்?" என்று சிரித்தார். நல்ல பொறுமைசாலி.

எனக்கு இருபது வயது குறைந்துவிட்டது.

உன் அண்ணன்


ஜூன் 14

அன்புத் தங்கை கொசுவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? இது உனக்கு நான் எழுதும் ஆறாவது கடிதம். மே மாதம் எழுதினதற்குப் பதில் இல்லை, அதற்கடுத்ததற்கும் இல்லை. என் எழுத்து முன்னைவிடச் சின்னதாகிவிட்டது பார், ஒரு பக்கத்தில் இருபது வரி பிடிக்கிறது. உனக்குக் காட்ட ஆசை.

நேற்று முன்தினம் மாப்பிள்ளை பரிசோதனைக்கு வந்தார். ஒரு கைத்தடிதான். கடைக் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வருகிறாராம். "தங்கச்சி எப்படி இருக்கா?" என்றேன். "மேலதான் இருக்கா மச்சான். வேற எங்க இருப்பா?" என்று என் தோளைத் தட்டிச் சிரித்தார்.

அறுப்புக்கூடத்தில் முன்பு ஒருவன் இருந்தான். வெட்டும் இடத்துக்கு ஆட்டைக் கூட்டி வருவது அவன் வேலை. கழுத்தைத் தடவிக்கொண்டே வருவான். அவன் அப்படித்தான் சிரிப்பான். ஏன் அவன் ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை. உன் பழைய கடிதங்களை எடுத்து மறுபடி மெதுவாகப் படித்தேன். தட்டு ஒன்பதாவது படியைத் தாண்டாது என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

கொசு, ஒரு வரி எழுது.

அண்ணன்


ஆகஸ்ட் 3

அண்ணா,

உயிரோடு இருக்கிறேன். நான் ரவிக்கை தைத்துக் கொடுக்கும் பட்டன் கடை அக்காவின் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலை இந்த முகவரிக்குப் போடு. உன் கடிதங்களை அவர் கடையில் சாவி காய்ச்சும் அடுப்பில் வைத்துக் கொளுத்துகிறார். ஏப்ரலில் வந்ததை மட்டும் என்னைப் படிக்க விட்டார். இனி மேலே ஓடித் தப்ப முடியாது என்று நான் தெரிந்துகொள்ளட்டும் என்று.

உனக்கு எல்லாவற்றையும் எழுதுகிறேன். அன்று உன்னை விரட்டியது கோபத்தால் அல்ல. பக்கத்து வீட்டார் போலீசுக்கு ஓடிவிட்டார்கள். இன்னும் ஐந்து நிமிஷம் நீ நின்றிருந்தால் கையில் விலங்கு. நீ தெருமுனை திரும்பினதும் வாசலைக் கழுவிவிட்டு, அவரே படியில் விழுந்தார் என்று சொன்னேன். பல் உடைந்திருந்ததால் அதுவும் சரியாக வரவில்லை.

அந்த அடிக்கு முன்னால் அவர் என் கையை இரண்டு தடவை உடைத்தார். வயிற்றில் ஐந்து மாதம் இருந்தது, அதுவும் போயிற்று. அந்த அடிக்குப் பிறகு பத்தொன்பது வருஷம் மாடியில் நான் கதவைத் திறந்துவைத்துத் தூங்கினேன். நீ அவர் காலை உடைத்ததாக நினைக்கிறாய். எனக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்திருந்தாய்.

ஏன் முன்பே எழுதவில்லை என்று கேட்பாய். உனக்குப் படிக்கத் தெரியாது. எழுதினால் யாரோ ஒருவர் கூடத்தில் நின்று என் உடம்பில் பட்ட அடியையெல்லாம் சத்தமாகப் படித்துக் காட்டுவார்கள். எனக்கு மனசு வரவில்லை. நீயே படிக்கிற காலம் வந்தபோது, நீ அவ்வளவு சந்தோஷமாக எழுதினாய். எப்படிச் சொல்வது?

காலண்டரில் இன்னும் அறுபத்தாறு நாள். கைத்தடியைத் தூக்கிப் போட்டுவிட்டார். சாயங்காலம் கடைசிப் படியில் ஒரு காலை வைத்து நின்றுகொண்டு, என்னைப் பார்த்துச் சுத்தியலால் கைப்பிடியில் மெல்லத் தட்டுகிறார். ஒன்று, இரண்டு என்று பதினாலு தட்டு. அப்புறம் போய்ச் சாப்பிடுகிறார்.

நீ வராதே. கத்தியோடு வந்தால் நீ ஜெயிலுக்குப் போவாய். எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். அந்த இருபத்துமூன்றாம் நம்பர் ஆடு தாண்டின வேலி எவ்வளவு உயரம்?

தங்கை


ஆகஸ்ட் 7

கொசு,

முதல் தடவையாக ஒரே மூச்சில் எழுதுகிறேன். பிழை இருந்தால் இருக்கட்டும்.

வேலி என் இடுப்பு உயரம். ஆனால் உயரத்தால் பிய்யவில்லை. நிதானமாக ஏறியிருந்தால் தாங்கியிருக்கும். வெறியோடு ஓடிவந்து, அந்த ஒரு காலை ஊன்றி, உடம்பைத் திருப்பியது. அதனால்தான் பிய்ந்தது. எட்டாம் தேதியோடு நாலு மாதம் முடிகிறது. இந்த மாதம் முழுக்க அது ஈரக் காகிதம். அடுத்த மாதம் தடிக்க ஆரம்பித்துவிடும்.

இதையெல்லாம் நான் எழுதிக் கொடுத்த விண்ணப்பம்தான் செய்தது. இரண்டு பக்கம், சந்தோஷமாக. என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஆனால் இந்தக் கை உனக்கு இப்போது வேண்டும்.

கத்தியைத் தீட்டி வைத்திருக்கிறேன். ஒரு சொல் எழுது, வருகிறேன். எழுதாவிட்டால் என் அறைச் சாவி கதவுக்கு மேலே பலகையில் இருக்கும்.

அண்ணன்


ஆகஸ்ட் 21

அண்ணா,

நலம். உண்மையாகவே நலம்.

செவ்வாய்க்கிழமை காலை. கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவருடைய கள்ளச்சாவிக் கொத்தை, ஊரில் எதையும் திறக்கும் என்பாரே, அதை முந்தின நாளே எடுத்து வைத்திருந்தேன். மேல்படியில் நின்று அதைக் குலுக்கினேன்.

"ஏய், அத எங்கடி எடுத்தே?"

"வந்து வாங்கிக்கோ, நொண்டி."

கடையில் ஒருவர் சிரித்துவிட்டார். அது போதுமானதாக இருந்தது. சுத்தியலை எடுத்துக்கொண்டு ஏறினார். முதல் மூன்று படி நிதானமாகத்தான் வந்தார், கெட்டிக்காரர். நான் கொத்திலிருந்து ஒவ்வொரு சாவியாக எடுத்து அவர் முகத்தில் எறிந்தேன். "நொண்டி, நொண்டி, நொண்டி." ஆறாவது படியில் ஓட ஆரம்பித்தார். பதினோராவது படியில் என் கால் எட்டும் தூரம். சுத்தியலை ஓங்கி, வலது காலை ஊன்றி, உடம்பைத் திருப்பினார்.

நனைந்த துணியைக் கிழித்தால் ஒரு சத்தம் வருமே, அது கேட்டது. கால் உள்பக்கமாக மடிந்தது. பதினோரு படியும் விழுந்தார். ஒவ்வொரு படியிலும் ஒரு சத்தம், கடைசியில் சுத்தியல் தனியாக வந்து அவர் வாயில் விழுந்தது. கடையில் இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள்.

மிஷின் தலையைக் கழற்றித் தயாராக வைத்திருந்தேன். அதைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். தாண்டும்போது அவர் என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். "விடு" என்றேன். விடவில்லை. மிஷின் தலையை அவர் மணிக்கட்டு மேல் வைத்தேன். மெதுவாகத்தான் வைத்தேன். அது பதினொரு கிலோ. விட்டுவிட்டார்.

நீ எழுதக் கற்றதில் எனக்கு ஒரு பிரயோசனம் இருந்தது அண்ணா. அந்த ஆட்டைப் பற்றி நீ அவ்வளவு விவரமாக எழுதாமல் இருந்திருந்தால் எனக்கு வேறு வழி தெரிந்திருக்காது. அன்றிலிருந்து பட்டன் கடை அக்கா வீட்டில் இருக்கிறேன், நாளை பஸ் ஏறுகிறேன். மிஷினுக்கு வெளிச்சம் வேண்டும், ஜன்னல் பக்கம் இடம் ஒதுக்கி வை.

கொசு


அக்டோபர் 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதிய கடிதம் கிடைத்தது. மணிக்கட்டு கூடிவிட்டதா? வாயில் தையல் பிரித்தார்களா? கஞ்சி இறங்குகிறதா? நான் சௌக்கியம்.

இன்றோடு ஆறு மாதம். காலண்டரில் அடிக்க மறந்திருப்பீர்கள், அதனால் நினைவுபடுத்துகிறேன். அங்கிருந்து வந்த உங்கள் முட்டிப் படத்தைப் பார்த்துவிட்டு, ஏன் பிய்ந்தது என்று எங்கள் டாக்டர் கேட்டார். "படி ஏறினார்" என்றேன். "சொல்லியிருந்தோமே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். இருபத்துமூன்றாம் நம்பருக்குச் சொன்ன அதே வார்த்தையைத்தான் உங்களுக்கும் சொன்னார். இனி அந்த முட்டிக்கு ஒன்றும் நிற்காது. இடது முட்டி நன்றாக இருக்கிறதாமே. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். என் வெட்டுக்கத்தி அதே ஆணியில்தான் தொங்குகிறது, முதுகுப் பக்கம் இன்னும் மழுங்கவில்லை.

தங்கை எங்கே என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கடிதம் எழுத எனக்கு ஒரு மணி நேரம்தான் ஆயிற்று, அவ்வளவு தேறிவிட்டேன். பக்கத்தில் தையல் மிஷின் சத்தம் இல்லாவிட்டால் அரை மணியில் முடித்திருப்பேன்.

கூட்டிப்போக வருவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக வாருங்கள். கதவுக்குப் பூட்டே போடுவதில்லை, உங்களுக்குச் சிரமம் இருக்காது. நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நேற்று உங்களுக்காகவே கீழே இறங்கி எண்ணிக்கொண்டு ஏறினேன். ஐம்பத்தாறு படி.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மச்சான்